பெனிட்டா சாப்பிடும்போது

அந்தப் பையை இப்படி என் காலடிக்குத் தள்ளிவிடுங்கள், பரவாயில்லை. பஸ் நடுவழியில் கிடந்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் மிதித்துக்கொண்டு போவான். உள்ளே இருப்பது ஜூடோ உடுப்பு அல்லவா? எனக்கு எப்படித் தெரியுமா? பை வாயில் பச்சை பெல்ட் தொங்குகிறதே! அந்த முரட்டு வெள்ளைத் துணியைத் துவைத்துத் துவைத்துக் கை காய்த்துப்போனவள் நான். மெஷினில் போட்டால் அது ஆடுகிற ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிடுவாள்.

கும்பகோணம்தானே? மாநிலப் போட்டியா? நாளைக் காலையில் எடை பார்ப்பார்கள், இல்லையா? பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தூங்கட்டும். எடைக்கு முந்தின நாள் தூக்கம்தான் சாப்பாடு.

தஞ்சாவூர் வரை உங்களுக்குப் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வேர்க்கடலைக்காரன் ஜன்னலைத் தட்டினான் பாருங்கள், அப்போது பிள்ளையின் பின்னந்தலை உங்கள் பக்கம் திரும்பியது. நீங்கள் லேசாக, மிக லேசாக, ஒரு தலையாட்டல். தலை மறுபடி ஜன்னல் பக்கம் போய்விட்டது. சிணுங்கல் இல்லை, ஒன்றும் இல்லை. வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் இந்த இடம் காலியானதும் எழுந்து வந்தேன். என் பெனிட்டாவும் இதே ரகம். கல்யாணப் பந்தியில்கூட இலையில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு தரம் என்னைப் பார்ப்பாள். என் அண்ணன் பெண்டாட்டி வயிற்றெரிச்சலில் கேட்டாள், "என்ன மேபல், ரிமோட்ட கையோட எடுத்துட்டு வந்துட்டியா?" அவள் பெற்றது இரண்டும் பாயசத்துக்கு அடித்துக்கொள்கிற ரகம். அவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்.

பொன்மலையில் எங்கள் வீடு. இவர் ரயில்வே பணிமனையில் இருக்கிறார். இக்னேஷியஸ் என்று பெயர், வாயில்லாப் பூச்சி. பெனிட்டா ஒரே பிள்ளை, பதினைந்து முடிந்துவிட்டது. இப்போது கும்பகோணத்தில் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் இந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் போகிறேன், வருகிறேன். பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது பிள்ளை ஏன் அத்தை வீட்டில் இருக்க வேண்டும்? அதைத்தான் நானும் கேட்கிறேன். நீங்களும் ஒரு ஜூடோக்காரியின் அம்மா. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.

முதல் தப்பு தனசேகர் மாஸ்டர் மேல். அவளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்தவர். ஆறாம் வகுப்பில் கொழுகொழுவென்று இருந்தவளைக் கூப்பிட்டுப் பாயில் விட்டவர் அவர்தான். எனக்கு அப்போது பிடிக்கவே இல்லை. பெண்பிள்ளை பாயில் உருளுவதாவது! ஆனால் மாவட்டத்தில் பதக்கம் வந்தது, பள்ளிக்கூட அசெம்பிளியில் கூப்பிட்டுக் கை தட்டினார்கள், சிஸ்டர் என்னை நிறுத்தி ஆங்கிலத்தில் பாராட்டினார். பிறகு பிடித்துவிட்டது. யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த மாஸ்டர் செய்த வேலை என்னவென்றால், எடைப் பிரிவுகளை எல்லாம் அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்தார். நாற்பத்து நாலு கிலோ, நாற்பத்து எட்டு கிலோ என்று வரிசையாக. பெனிட்டா நாற்பத்து எட்டில் விளையாடினாள். அதில் சேலத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், புளியமரத்துக் கட்டை மாதிரி. யார் போனாலும் தூக்கிப் போட்டுவிடுவாள். நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். நாற்பத்து நாலில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். எல்லாம் சுண்டைக்காய்ப் பிள்ளைகள். மாஸ்டரிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் உடனே, "வேணாம் மேடம். வளர்ற பிள்ள. இந்த வருஷம் தோக்கட்டும், அடுத்த வருஷம் அவளே தூக்கிப் போடுவா" என்றார். தோற்கட்டும் என்று சொல்கிற மாஸ்டரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சுவரில் அவர் அதை ஒட்டாமல் இருந்திருந்தால் நாற்பத்து நாலு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஆக, யார் தப்பு?

சரியாக அந்தச் சமயத்தில்தான் சாம்பல் புதன் வந்தது. நான் வரவழைக்கவில்லை, தானாக வந்தது.

நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், உங்களுக்கு எங்கள் தவக்காலம் தெரியுமோ தெரியாதோ. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் நோன்பு. ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். இவர் சிகரெட்டை விடுவார். நான் காபியை விடுவேன், மூன்றாம் நாளே தெருவுக்கே தெரிந்துவிடும், அவ்வளவு எரிச்சலாக இருப்பேன். நான் படித்தது கான்வென்ட்டில், போர்டிங்கில். சிஸ்டர் ஹோர்டென்ஸ் சாப்பாட்டு அறையில் எங்கள் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார். மூன்றாவது இட்லிக்குக் கை நீண்டால், "அது சாத்தானுடைய இட்லி" என்பார். நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம்? முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வாயில் இருப்பதை மெல்ல வராது, அது வேறு விஷயம்.

பெனிட்டாவிடம் சொன்னேன், "இந்த வருஷம் ராத்திரி சோத்த இயேசுவுக்குக் குடுத்துரு." அவ்வளவுதான். எடைக்காக என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள். அடுத்த வாரம் எண்ணெய்ப் பலகாரம். அதற்கடுத்த வாரம் பால். வாரத்துக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எடை மெஷினில் ஏறச் சொல்வேன். அது சும்மா, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு. தட்டில் வைப்பதை நிறுப்பதற்குச் சமையலறையில் ஒரு குட்டித் தராசும் வாங்கினேன். எதையும் குத்துமதிப்பாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

இவர் ஒரு நாள் கேட்டார், "மேபல், உனக்கு இயேசு வேணுமா, மெடல் வேணுமா? ஒண்ண சொல்லு." "ரெண்டும் வேணும்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அங்கே அவர் சிரித்ததுதான் தப்பு. ஆம்பிளை என்றால் ஒரு சத்தம் போட வேண்டாமா? ஒரு அதட்டல் அதட்டியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேனா? நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அதட்டியாவது இருக்கலாம். அதை விட்டு, ஸ்கூட்டர் பெட்டிக்குள் பன் பட்டர் ஜாம் ஒளித்துக்கொண்டு வந்து பிள்ளையிடம் கொடுத்தார். பெனிட்டா என்ன செய்தாள் தெரியுமா? பொட்டலம் பிரிக்காமல் அப்படியே என் கையில் கொண்டுவந்து வைத்தாள். "அப்பா வாங்கிட்டு வந்தாரும்மா. அவரத் திட்டாத." எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. அந்தப் பன்னை நான்தான் தின்றேன். வீணாக்கக் கூடாதே.

ஈஸ்டர் வந்தது. வீட்டில் பிரியாணி, கோலா உருண்டை, ரவா லட்டு. ரவா லட்டு என்றால் பெனிட்டாவுக்கு உயிர். சின்னதில் கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பாள், "லட்டா? நான் பாக்கவே இல்ல" என்று தலையை மட்டும் ஆட்டுவாள். அன்றைக்கு அவள் தட்டில் வெள்ளரிக்காய் இருந்தது. "நோன்பு முடிஞ்சிருச்சுடி, சாப்பிடு" என்றேன். "என் நேர்ச்சை முடியலம்மா" என்றாள். மாநிலப் போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. அவளாக நேர்ந்துகொண்டதை நான் எப்படிக் கலைப்பது? நீங்களாக இருந்தால் கலைத்திருப்பீர்களா?

ஜெயித்தாள். ஆமாம், நாற்பத்து நாலில் தங்கம். இறுதிப் போட்டியில் எதிராளியைச் சுழற்றிப் போட்ட வேகத்தைப் பார்த்து மண்டபமே எழுந்து நின்றது. நான் கையோடு லட்டு கொண்டுபோயிருந்தேன், நிஜமாகத்தான். பாயை விட்டு இறங்கினதும் அவள் கையில் கொடுத்தேன். "சாப்பிடு தங்கம்" என்றேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அந்தச் சமயம் மாஸ்டர் பக்கம் திரும்பி, தேசியப் போட்டி எப்போது, அங்கேயும் இதே பிரிவுதானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது ஒரு குற்றமா? எந்த அம்மாவும் கேட்பாள். நாலு நாள் கழித்து டிராக்சூட்டைத் துவைக்க எடுத்தால், பாக்கெட் முழுக்க எறும்பு. லட்டு அப்படியே பொடிந்து கிடந்தது.

அதற்குப் பிறகு நான் சாப்பிடு சாப்பிடு என்றுதான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். கெஞ்சினேன், அடித்தேன், ஊட்டினேன். வாயில் வாங்கிக்கொள்வாள், மெல்லுவாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு குளியலறைக்குப் போய்விடுவாள். "நேர்ச்சை எப்பத்தான்டி முடியும்?" என்று கேட்டால், "தெரியலம்மா" என்பாள். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாக இருந்தால் ஒரு அறை கொடுத்துச் சரிசெய்யலாம். இவள் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையை என்ன செய்வது?

ஜூடோவில் முதல் பாடம் விழக் கற்பதுதான், உங்களுக்கே தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து ஆயிரம் தடவை விழுந்தவள். ஆடி மாதத்தில் ஒரு நாள், பயிற்சியில், சும்மாதான் விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஃபரீதா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மாசமாசம் வர்றது எப்ப நின்னுச்சு, தெரியுமா உங்களுக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வளர்ந்த பிள்ளை, தானே பார்த்துக்கொள்கிறாள் என்று இருந்தேன். எதை எல்லாம் நிறுத்துப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. "எலும்பு வயசானவங்க எலும்பு மாதிரி இருக்கும்மா. என்ன டயட்ல வெச்சிருந்தீங்க?" என்றார். "டயட்டெல்லாம் இல்ல டாக்டர், தவக்காலம்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்களும் நோன்பு இருக்கறவங்கதாம்மா. எங்க நோன்புக்குச் சாயங்காலம்னு ஒண்ணு உண்டு. உங்க பிள்ள நோன்புக்குச் சாயங்காலமே இல்லையே."

மருத்துவம் படித்தவர்களுக்கு வாய் இவ்வளவு நீளம் கூடாது.

எடை மெஷினைத் தூக்கிப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வாரம் ஒரு முறை வரச் சொன்னார், மனசுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரிடமும் அனுப்பினார், போகிறாள். நான் என் பங்குக்குச் சாமியாரிடம் கூட்டிப்போனேன். "ஃபாதர், பிள்ள ஏதோ நேர்ந்துகிட்டா, அவிழ்க்கத் தெரியல. நீங்க அவிழ்த்து விடுங்க" என்றேன். அவர் அவளைப் பார்த்து, "யார்கிட்டம்மா நேர்ந்துகிட்ட?" என்று மெதுவாகக் கேட்டார். பெனிட்டா திரும்பி என்னைப் பார்த்தாள். ஃபாதரும் திரும்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்! ஏதோ நான் பதில் வைத்திருக்கிற மாதிரி. பிறகு சொன்னார், "இத அவிழ்க்க என்னால ஆகாதும்மா. இது எங்க பீடத்துல வெச்ச நேர்ச்சை இல்ல." அவிழ்க்கத் தெரியாதவருக்கு எதற்கு அங்கி?

யாரும் என் மேல் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை, ஃபாதரும் சொல்லவில்லை, இவர் சொல்லவே மாட்டார். மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்தார், "நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும் மேடம்" என்று அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். ஒருத்தராவது என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். சொல்லமாட்டேன் என்கிறார்களே! சொல்லாமல் பார்த்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

இப்போது நாத்தனாருக்கு வருகிறேன். செலின். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மின்வாரியத்தில் கிளார்க். சமையலில் பூஜ்யம். அவள் வைக்கிற உப்புமாவைச் சுவரில் பூசலாம். பிள்ளையைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்தாள். சாயங்காலம் டிவி முன்னால் தரையில் காலை நீட்டிக்கொண்டு மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தாள். பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செலினுக்கு சீரியலில் கண். பெனிட்டாவின் கை தானாகப் போய்ப் பாக்கெட்டுக்குள் நுழைந்தது. நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன், மூச்சை அடக்கிக்கொண்டு. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கை வெறுமனே வெளியே வந்துவிட்டது.

செலின் என்ன சொன்னாள் தெரியுமா? டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணி, கொஞ்சம் உள்ள போங்களேன்." என் வீட்டில், என் அடுப்படி வாசலில்! மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இவரும் தலையாட்டிவிட்டார். போகும்போது என்னிடம் சொன்னாள், "வாங்க அண்ணி, எப்ப வேணா வாங்க. அவ சாப்பிடறப்ப மட்டும் பாக்காதீங்க. சந்தோஷமாவும் பாக்காதீங்க, கவலையாவும் பாக்காதீங்க."

பெற்ற பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாதாம்! நான் என்ன கண் வைக்கிறவளா? போனால் சாப்பாட்டு நேரத்துக்கு என்னைப் பால்கனிக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கே நின்று எதிர்வீட்டுக் கொடியில் காயும் லுங்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே தட்டுச் சத்தம் கேட்கும். எண்ணக் கூடாது, எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஸ்பூன் சத்தத்தை எண்ணுவேன். அங்கே அவள் சாப்பிடுகிறாளாம். கொஞ்சம் கொஞ்சமாக. போன வாரம் செலின் போனில் சொன்னாள், கடையில் வாங்கின பரோட்டாவில் பாதி தின்றாளாம். "பரோட்டாவா? மைதாவா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும் போல இருந்தது. தொட்டி காலியாகிவிட்டது. கீழ்வீட்டுக்காரி வந்துவிட்டாள்.

இந்தத் தூக்கில் ரவா லட்டுதான். வாராவாரம் செய்கிறேன். வாராவாரம் அப்படியே திரும்பி வரும். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் குட்டித் தராசில் ஒரு தரம் நிறுப்பேன், திரும்பி வந்ததும் ஒரு தரம். ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? தராசைத் தூக்கிப் போடும்படி டாக்டர் சொல்லவில்லை, மெஷினைத்தான் சொன்னார். போன சனிக்கிழமை வந்து நிறுத்தால், ஒரு லட்டு குறைந்திருந்தது. நாலு தடவை நிறுத்துப் பார்த்தேன். இவரை எழுப்பிக் காட்டினேன். அந்த மனுஷன் தராசைப் பார்த்து அழுகிறார். செலின் தின்றிருப்பாள், வேறென்ன. செலினுக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பைத் தொட மாட்டாள். ஆனாலும் அவள்தான் தின்றிருப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைத்து, இந்த வாரம் குறையாமல் வந்தால்?

அடப்பாவி, என்ன பிரேக் போடுகிறான்! பாபநாசம் தாண்டிவிட்டதா? நல்லவேளை, மூடி திறந்துகொண்டதே தவிரக் கொட்டவில்லை. பாருங்கள், பிள்ளை எழுந்துவிட்டாள். நெய் வாசனை. உன் பேர் என்னம்மா? சம்யுக்தாவா? நல்ல பேர். ரவா லட்டுடா. ஆன்ட்டி செஞ்சது. எடுத்துக்கோ.

தெரியும், தெரியும், நாளைக்கு எடை. எனக்குத் தெரியாதா? நான் சும்மா ஒரு பேச்சுக்கு நீட்டினேன். வேண்டாம் என்றால்...

இருங்கள். ஒரு நிமிஷம்.

உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் இதை ஓரத்திலிருந்து பார்த்ததே இல்லை, பாருங்கள். எப்போதும் என்னை நோக்கித்தான் வரும். தஞ்சாவூரில்கூடப் பின்னந்தலையைத்தான் பார்த்தேன். இப்படியா இருக்கும் இது? கண் இப்படியா ஆகிவிடும்? ஒரு லட்டுக்கா? இவ்வளவு நாளும் என் பிள்ளை என்னை இப்படியா...

தலையை ஆட்டாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், ஆட்டாதீர்கள். சரி என்றும் ஆட்ட வேண்டாம். தூக்கை உங்கள் மடியில் வைக்கிறேன், திறந்தபடியே இருக்கட்டும். அவளுக்கு வேண்டுமென்றால் எடுப்பாள், வேண்டாமென்றால் விடுவாள். நீங்கள் இந்தப் பக்கம் திரும்புங்கள். எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பாருங்கள், வாழைத்தோட்டம் போகிறது பாருங்கள், எவ்வளவு பச்சை. நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

தூக்கு லேசாக அசைகிறதா? சொல்லாதீர்கள். எனக்குச் சொல்லாதீர்கள். திரும்பாதீர்கள்.